ஒராலியா வீட்டு ஃபஹீத்தா

படப்பை
3.2.2002

அத்தானுக்கு,

நேற்று போனில் நீங்கள் "இன்னும் ரெண்டு மாசம் ஆகும்டி" என்றதும் நான் "சரி" என்று வைத்துவிட்டேன். அது சரி இல்லை. வீட்டுக்காரம்மா காமாட்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுப் போனில், அவர்கள் காதுக்கு எட்டும்படி, கட்டிய புருஷனிடம் என்ன சண்டை போட முடியும்? அதனால் எழுதுகிறேன். கம்பெனிப் பையில் போட்டால் ஒரு வாரத்தில் மெக்ஸிகோ போய்விடும் என்று ஸ்டோர்ஸ் தாவீது அண்ணன் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனீர்கள். தலைப் பொங்கலுக்கு நான் தனியாகப் பானை வைத்தேன். அம்மா சாத்தான்குளத்துக்கு வா என்றாள். போனால் எல்லோரும் உங்களைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று போகவில்லை. தாம்பரத்துத் தையல் கம்பெனிக்கு விடிகாலையில் பஸ், திரும்பி வர இருட்டு. வந்து சமைக்கத் தோன்றவில்லை. கஞ்சியும் துவையலுமாக ஓடுகிறது.

ஒரே ஒரு நல்ல செய்தி. இருங்காட்டுக்கோட்டையில் உங்கள் கம்பெனியிலேயே புது லைன் வருகிறதாம். காருக்குள் நரம்பு மாதிரி ஓடுமே, அந்த ஒயர்க் கட்டுகளைக் கோத்து டேப் சுற்றுகிற வேலை. பெண்களைத்தான் எடுக்கிறார்கள். நானும் மனுப் போட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கிடைத்தால் கம்பெனி பஸ் நம் தெரு முனைக்கே வரும்.

அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஃப" என்று ஏதோ சொன்னீர்கள், லைன் கரகரத்துவிட்டது. அதையாவது விவரமாக எழுதுங்கள்.

செல்வி


ரெய்னோசா
13.2.2002

செல்விக்கு,

உன் கோபம் நியாயம்தான். பதில் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. பகலெல்லாம் மெஷினைக் கழற்றுவதைக் கற்றுக்கொண்டு, ராத்திரி விடுதி அறையில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சாப்பாடு. அதன் பெயர் ஃபஹீத்தா. ஒராலியா என்று ஒரு அம்மா, நான் வேலை பழகும் லைனுக்கு லீடர், ஐம்பதை நெருங்கிய வயது. நான் கேன்டீனில் மாட்டுக்கறியை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்பதைப் பார்த்து, முதல் வாரமே வீட்டுக்குக் கூட்டிப் போனார். புருஷன் வாட்ச்மேன். இரண்டு மகள்கள், இரண்டு பேரும் அதே லைனில்தான். மாட்டுக்கறியில் செய்வதை எனக்காகக் கோழியில் செய்கிறார்.

கடையில் இதற்கு மசாலா பாக்கெட் விற்கிறது. ஒராலியா அம்மா அதைத் தொடமாட்டார். "உப்பும் சாயமும்" என்பார். வீட்டிலேயே பொடி. கருஞ்சிவப்பாக, காரம் குறைவான ஒரு வற்றல் மிளகாய். விதையை உதறிவிட்டு வெறும் சட்டியில் வாசம் வரும்வரை புரட்டுவார். சீரகம், கொஞ்சம் மிளகு. காயவைத்த பூண்டு. ஓமம் போல மணக்கும் ஏதோ காய்ந்த இலை. உப்பு. எல்லாவற்றையும் மூன்று கால் வைத்த ஒரு கல் உரலில் இடிப்பார். சீரகம் வறுபடும்போது கண்ணை மூடிக்கொண்டால் நம் வீட்டு அடுப்படிதான்.

கோழியை எலும்பில்லாமல் நீளநீளமாக அரிந்து பொடி, எண்ணெய், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசறி ஊறவிட வேண்டும். இரும்புச் சட்டி புகைந்த பிறகுதான் கோழியைப் போடலாம். அதை எடுத்துவிட்டு அதே சட்டியில் நீளமாக அரிந்த வெங்காயமும் குடைமிளகாயும். வெங்காயம் வதங்கிவிடக் கூடாது, ஓரம் மட்டும் தீய வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து எலுமிச்சை பிழிந்து, மைதா ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட வேண்டியதுதான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். நீ மனுப் போட்டிருக்கிற புது லைன் இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வருகிறதுதான். ஒராலியா அம்மாவின் லைன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இங்கே ஊரே லீவு. அந்த வாரத்தில் மெஷின்களைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டப் போகிறார்கள். லீவு முடிந்து வருகிறவர்கள் பூட்டைத்தான் பார்ப்பார்கள். நான் வெறுமனே டிரெய்னிங் வந்தவன் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

வாயைத் திறக்கவில்லை. சாப்பிட மட்டும் திறக்கிறேன்.

நயினார்


படப்பை
1.3.2002

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எனக்கு வேலைக்கு ஆர்டரும் வந்தது. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இதை ஏன் எனக்கு எழுதினீர்கள்? தெரியாமலே இருந்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். நான் யாருடைய வேலையையும் பிடுங்கவில்லையே. மனுப் போட்டேன், கூப்பிட்டார்கள்.

நீங்கள் சொல்லாமல் அவர்கள் வீட்டில் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லிவிடுங்கள் என்றும் நான் எழுத மாட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும். தாம்பரம் பஸ்ஸில் இனி நிற்க முடியாது.

போன ஞாயிறு உங்கள் ஃபஹீத்தாவைச் செய்து பார்த்தேன். படப்பைக் கடையில் குடைமிளகாய் என்றால் சிரிக்கிறார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினேன். நம் வற்றலில் விதையை உதறியும் காரம் போகவில்லை, பாதியைக் குறைத்தேன். பூண்டை அரிந்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். அந்த இலை இல்லை, ஓமத்தையே போட்டேன். பொடி நன்றாகவே வந்தது. தோசைக்கல்லைப் புகையவிட்டுக் கோழியைப் போட்டதும் காமாட்சியம்மாள் இருமிக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னாம்மா பண்ணிகினு கீற? வூடு பூரா ஒரே பொகையா கீது!" மெக்ஸிகோ சமையல் என்றேன். "அங்க போய் இத்தயா துன்றாரு உங்க வூட்டுக்காரரு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கவிச்சி தொடமாட்டார். வெங்காயத்தையும் குடைமிளகாயையும் தனியாகப் புரட்டிச் சப்பாத்தியில் சுற்றிக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கினார். நான் ஒன்றுதான் தின்றேன். தனியாகச் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது.

டிரெய்னிங் தொடங்கிவிட்டது. சூப்பர்வைசர் ராஜாமணி சார் ஒயர்களைப் பரப்பிக் கோக்கிற பழைய போர்டு ஒன்றில் வைத்துப் பழக்குகிறார். டேப் சுற்றிச் சுற்றி வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது, ராத்திரியில் விண்விண் என்கிறது. அந்த அம்மா இத்தனை வருஷமாக எப்படிச் சுற்றுகிறார்? எனக்காக என்று சொல்லாமல் கேட்டு எழுதுங்கள்.

செல்வி


ரெய்னோசா
11.3.2002

செல்விக்கு,

இதைக் கம்பெனிப் பையில் போடவில்லை. தபாலில் போடுகிறேன். எப்போது வருமோ தெரியாது.

நேற்று நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவர் பாதி ஆங்கிலம், நான் பாதி ஸ்பானிஷ், மீதி கை. நம் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

ஒராலியா அம்மா கோழியை அரிந்துகொண்டிருந்தார். டேப் சுற்றுகிறவர்களுக்கு விரல் வலிக்காதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். உடனே கையைக் கழுவிவிட்டு, எங்கிருந்தோ ஒரு கறுப்பு டேப்பை எடுத்துவந்து, மரக்கரண்டிக் காம்பில் சுற்றிக் காட்டினார்.

"கட்டவெரலால தள்ளப்புடாது. ரோலை உள்ளங்கையில வச்சிக்கிட்டு மணிக்கட்டைத் திருப்பு. வெரலு சும்மா கூட வரணும்."

நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"ஆமா, யாருக்குக் கேக்க? நீ மெஷின்காரன்லா?"

"எம் பொண்டாட்டிக்கு."

நீ சொல்லாதே என்று எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

"அவ என்ன வேலை பாக்கா?"

"இதே வேலைதான். இப்பதான் பழகுதா."

"எந்தக் கம்பெனியில?"

இந்த இடத்தில் ஒரு பொய் போதும். ஊரில் எத்தனையோ கம்பெனி இருக்கிறது. நான் களைத்துப்போயிருந்தேன் செல்வி. பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"நம்ம கம்பெனியிலதான்."

"உங்க ஊர்ல இந்த லைனே இல்லன்னுல்லா வந்த அன்னைக்குச் சொன்ன?"

சட்டி புகைய ஆரம்பித்திருந்தது. மூத்த மகள் வெங்காயத் தட்டோடு வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், லீவு வாரம், பூட்டு, எல்லாம். என் ஸ்பானிஷுக்கு அது பெரிய பேச்சு. சில வார்த்தைகளை மூத்தவள் எடுத்துக்கொடுத்தாள், என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே.

ஒராலியா அம்மா அடுப்பை அணைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தன ஞாயித்துக்கெழம இங்கன உக்காந்து சாப்பிட்ட?"

மரக்கரண்டியை மேசையில் வைத்தேன்.

"இன்னைக்குச் சாப்பாடு இல்ல. போ."

நடந்தே விடுதிக்கு வந்தேன். இன்று காலை லைன் ஓடவில்லை. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே என்னைத் தவிர ஆள் இல்லை.

நயினார்


படப்பை
17.3.2002

அத்தானுக்கு,

என்ன நடக்கிறது அங்கே? நேற்று போனில் கேட்டதற்கு "எழுதியிருக்கேன், வரும்" என்று மட்டும் சொன்னீர்கள். குரலே சரியில்லை. காமாட்சியம்மாள் தோசை மாவு கரைத்துக்கொண்டு அங்கேயே நின்றதால் நானும் தோண்டிக் கேட்கவில்லை.

இங்கே டிரெய்னிங்கை நிறுத்திவிட்டார்கள். எல்லோரையும் ஷெட்டுக்கு வெளியே நிற்க வைத்து ராஜாமணி சார் சொன்னார்: "மெஷின் இப்போதிக்கு கப்பல் ஏறாதும்மா. அங்க கேட்டாண்ட குந்திகினு லாரிய வுடமாட்டேன்றாங்களாம். அங்க போன நம்ம ஆளு எவனோ வாய வுட்டுட்டான். இத்தினி பொண்ணுங்க பொழப்ப கெடுத்துட்டான்." சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணொருத்தி, சந்தனமாரி என்று பெயர், என் பக்கத்து போர்டு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊரில் கடையில் நின்ற வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஹாஸ்டலிலிருந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"அவன் வெளங்கவே மாட்டான்" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து இரண்டு வார்த்தை சொன்னேன். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல்தானே இருக்கிறது, நான் யார் வீட்டுக்காரி என்று தாவீது அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

யார் அவன்? உங்களோடு வேறு யாராவது வந்திருக்கிறார்களா? நீங்கள் அவனோடு சேராதீர்கள். தையல் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டேன். இப்போது எனக்கு இரண்டும் இல்லை.

செல்வி


படப்பை
27.3.2002

அத்தானுக்கு,

தபாலில் போட்டது இன்றுதான் வந்தது.

போன கடிதத்தில் இரண்டு வார்த்தை சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போடுங்கள். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

விரல் வலி என்று எழுதியது நான்தான். ஓடிக்கொண்டிருந்த டிரெய்னிங்கை என் விரலே நிறுத்தியிருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் மேல் கொஞ்ச நேரம், அந்த ஒராலியா மேல் கொஞ்ச நேரம். எந்தக் கோபமும் நிற்கவில்லை. மத்தியானம் அப்படியே தூங்கிவிட்டேன்.

நீங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா காட்டிய மாதிரி டேப்பை உள்ளங்கையில் வைத்து வீட்டில் சுற்றிப் பார்த்தேன். வலிக்கவில்லை.

செல்வி


ரெய்னோசா
7.4.2002

செல்விக்கு,

முடிந்துவிட்டது. லாரிகள் நேற்று போயின.

ஈஸ்டர் வாரம் முழுவதும் அவர்கள் கேட்டில்தான் இருந்தார்கள். தார்ப்பாய் கட்டி, தரையில் படுத்து, லாரிக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அரசாங்க ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள். கடைசியில், இத்தனை வருஷ வேலைக்குச் சட்டப்படி என்ன உண்டோ அதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்று ஷெட்டில் காவலுக்கு இருந்த ஒருவர் சொன்னார். வேலை போனது போனதுதான். அந்த வீட்டில் மூன்று பேருக்கு.

பகலெல்லாம் என்னை உள்ளே ஷெட்டிலேயே வைத்திருந்தார்கள், வெளியே விட்டால் இன்னும் ஏதாவது பேசுவேன் என்று. ஒரு நாள் கேட்டில் சமைத்தார்கள். டிராக்டரில் உழுகிற வட்டத் தகடு இருக்கிறதே, அதையே சட்டியாக அடுப்பில் வைத்து, அத்தனை பேருக்கும் ஃபஹீத்தா. புகை நேராக ஷெட்டுக்குள் வந்தது. அந்தப் பொடி வாசம் யார் வீட்டுடையது என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். ஒராலியா அம்மா கரண்டியோடு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளுக்குப் பரிமாறத் திரும்பிக்கொண்டார். கூப்பிடுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஏன் கூப்பிட வேண்டும்?

அன்று ராத்திரி கடையில் மசாலா பாக்கெட் வாங்கி, விடுதி அடுப்பில் நானே செய்தேன். வெறும் உப்பு. பாதியைக் கொட்டிவிட்டேன்.

விசாரணை நடந்தது. சொன்னது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்து, கூப்பிடும்வரை வீட்டில் இருக்க வேண்டுமாம். கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 25ஆம் தேதி காலை மீனம்பாக்கம் வந்து சேருவேன்.

லைன் அங்கே வந்ததும் உன்னைக் கூப்பிடுவார்கள். போ என்று சொல்லவும் எனக்கு வாயில்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. நீயே முடிவு செய்துகொள்.

நான் வரும்போது ஃபஹீத்தா மட்டும் செய்துவிடாதே. புளிக்குழம்பு வை.

நயினார்


படப்பை
25.4.2002

அத்தானுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. சாவியோடு சேர்த்துக் காமாட்சியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஏர்போர்ட்டில் என்னைத் தேடியிருப்பீர்கள். மெஷினெல்லாம் போன வாரம் பிளேனிலேயே வந்துவிட்டது. கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லையாம். திங்கட்கிழமை கூப்பிட்டார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுத்தான் போனேன். நீங்கள் வீட்டில் இருக்கப் போகிறீர்கள். ஒருத்தருக்காவது வேலை வேண்டும். நான் போகாவிட்டால் அந்த போர்டில் வேறொருத்தி நிற்பாள், ஒராலியா வந்து நிற்கப்போவதில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் எது நிஜமான காரணம் என்று கேட்டால், நிற்க ஒரு இடம் வேண்டும் என்பதுதான்.

லைனில் இன்னும் "அந்த ஆளு" என்றுதான் உங்களைப் பேசுகிறார்கள். லைன் தாமதமானதில் சிலருக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. நல்லவேளை, சந்தனமாரிக்குக் கிடைத்துவிட்டது. டேப் சுற்றியபடி ஆளுக்கொரு வசவு. நான் தலையைக் குனிந்துகொண்டு சுற்றுகிறேன். நேற்று சந்தனமாரி என் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒனக்கு மட்டும் எப்படி வலிக்க மாட்டேங்கு?" என்றாள். காட்டிக் கொடுத்தேன். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா என்றேன். ஒரு நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்வேன். இந்த வாரம் முடியாது.

இன்றைக்கு ஏர்போர்ட் போக லீவு கேட்டால் யாரைக் கூப்பிடப் போகிறாய் என்பார்கள். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சேர்ந்த வாரமே பொய்க் காரணம் சொல்லவும் மனசில்லை. அதனால்தான் வரவில்லை. உங்களைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை.

புளிக்குழம்பு மண்சட்டியில் இருக்கிறது. சோறு வடித்து வைத்திருக்கிறேன், அப்பளம் மட்டும் நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள். நான் இடித்த பொடியில் மீதி இருந்ததைக் காமாட்சியம்மாள் வாங்கிக்கொண்டார். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் போடுகிறாராம். "நல்லாத்தான்மா கீது, அடுத்த தபா கொஞ்சம் ஜாஸ்தியா இடி" என்கிறார். போன வேலை என்ன ஆயிற்று என்று கேட்பார். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள், போதும்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். இன்றைக்கு எனக்கு ஓவர்டைம் இருக்கிறது, பஸ் வர இருட்டிவிடும். உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். நானே திறந்துகொண்டு வருகிறேன்.

செல்வி